‘கெட்’ (get) என்னும் சிறு சொல்: ஆங்கிலம் பேசும் நாட்டுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு

சில ஆண்டுகளுக்கு முன், கண்ணில் ஒரு சிறிய சிகிச்சைக்காக மருத்துவமனைக்குச் சென்ற பெரியவர் ஒருவருக்குத் துணையாக நான் போயிருந்தேன். பிள்ளைகளிடம் வந்து சேர்ந்து நான்கு மாதங்களே ஆகியிருந்த அவர், வாழ்நாள் முழுவதும் அலுவலகத்தில் ஆங்கிலத்திலேயே கோப்பு எழுதியவர். மருத்துவமனை அனுப்பிய இரண்டு பக்கக் கடிதத்தை யார் உதவியும் இல்லாமல் வாசித்து, அதில் எனக்கிருந்த ஐயம் ஒன்றையும் தீர்த்துவைத்தார். உள்ளே போனதும் செவிலியர் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, ‘ஹவ் டிட் யூ கெட் ஹியர்?’ என்பது. பெரியவர் சற்று யோசித்துவிட்டு, மகன் விண்ணப்பித்ததையும், விசா கிடைத்ததையும், விமானம் ஏறியதையும் வரிசையாகச் சொல்லத் தொடங்கினார். செவிலியருக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். மயக்கம் தரும் மருந்து கொடுக்கப்படுபவர் அன்று கார் ஓட்டக் கூடாது. ஆகவே அவர் தாமே ஓட்டிக்கொண்டு வந்தாரா, யாரேனும் அழைத்து வந்தார்களா என்பதைத்தான் அவர் கேட்டார்.

அந்தக் கேள்வியில் பெரியவருக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. புதிதாக வந்து ‘எனக்கு ஆங்கிலம் வரவில்லை’ என்று மனம் நொந்துபோகிற பலரிடமும் நான் பார்த்திருப்பது இதைத்தான்: கடிதம் புரிகிறது, படிவம் புரிகிறது, செய்தித்தாள் புரிகிறது, ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று சொல்கிற ஒரு வரி புரிவதில்லை. படிப்பில் குறை இருப்பதால் இப்படி ஆவதில்லை. நாம் படித்த ஆங்கிலமும் இங்கே பேசப்படும் ஆங்கிலமும் வேறு வேறு ஊற்றிலிருந்து சொற்களை எடுத்துக்கொள்கின்றன.

செவிலியரின் கேள்வியில் இருந்த ‘கெட்’ என்பது ஆங்கிலத்துக்கே வெளியிலிருந்து வந்த சொல். 8ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இங்கிலாந்தின் மீது படையெடுத்து, பிறகு அங்கேயே குடியேறி, உள்ளூர் மக்களோடு கலந்து வாழ்ந்த ஸ்காண்டிநேவியர்களின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து அது வந்தது. ‘தே’, ‘டேக்’, ‘ஸ்கை’, ‘விண்டோ’ ஆகியவையும் அவர்கள் கொண்டுவந்த சொற்களே. 1066இல் பிரான்சிலிருந்து வந்த நார்மானியர்கள் இங்கிலாந்தை வென்றதன் விளைவாக ஆட்சியிலும் சட்டத்திலும் பிரெஞ்சு மொழி வந்து அமர்ந்தது. ‘ரிசீவ்’, ‘அரைவ்’, ‘அப்டெய்ன்’, ‘ரிகவர்’, ‘எஸ்கேப்’ போன்ற சொற்கள் அந்த வழியாக வந்தவை. அலுவலகக் கடிதங்களும் பாடநூல்களும் இன்றும் இந்த இரண்டாம் வகைச் சொற்களையே விரும்புகின்றன, நாமும் அவற்றையே படித்துத் தேர்ந்தோம். வீட்டிலும் தெருவிலும் பேருந்திலும் பேசுகிறவர்களோ முதல் வகைச் சொற்களையே வாயில் வைத்திருக்கிறார்கள். ‘கிடைக்கப்பெற்றேன்’ என்று எழுதுகிற நாம் வாய் திறந்தால் ‘கிடைச்சுது’ என்று சொல்கிறோம் அல்லவா, அத்தகைய இரட்டை வழக்குதான் இது.

அகராதியைப் புரட்டினால் ‘கெட்’ என்பதற்குப் பெறு, அடை, ஆகு, வாங்கு, புரிந்துகொள், கொண்டுவா, போய்ச்சேர் என்று பொருள்கள் நீண்டுகொண்டே போகும். அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. செய்தவர்களையும் பார்த்திருக்கிறேன், பேச்சின் வேகத்தில் அது உதவுவதில்லை. தமிழில் ‘அடி’ என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். வெயில் அடிக்கிறது, மணி அடிக்கிறது, சுவருக்கு வெள்ளை அடிக்கிறார்கள், ஒருவனைப் பார்த்து இன்னொருவன் காப்பி அடிக்கிறான். சட்டை போடுவதும் சண்டை போடுவதும் கையெழுத்துப் போடுவதும் தாழ்ப்பாள் போடுவதும் நமக்கு ஒரே வினைச்சொல்தான். குழந்தையாக இருந்தபோது ‘போடு’ என்பதன் பொருளைத் தனியாகக் கற்றுக்கொண்டு அவற்றை நாம் பேசவில்லை; ‘தாழ்ப்பாள் போடு’ என்பதை முழுதாகவே ஒரு சொல்லைப் போல வாங்கிக்கொண்டோம். ‘கெட்’டையும் அப்படித்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்: பொருள் அதை ஒட்டி வருகிற சொல்லில்தான் இருக்கிறது.

வண்டியில் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் உரிய சொற்கள் முதல் நாளிலிருந்தே தேவைப்படுகிறவை. பேருந்து, ரயில், விமானம், கப்பல் ஆகியவற்றில் ஏறினால் ‘கெட் ஆன்’, இறங்கினால் ‘கெட் ஆஃப்’. காரிலும் டாக்சியிலும் ஏறினால் ‘கெட் இன்’, இறங்கினால் ‘கெட் அவுட்’. உள்ளே நிமிர்ந்து நடக்க முடிகிற வண்டிக்கு ‘ஆன்’, குனிந்து நுழைந்து உட்கார்ந்துவிடுகிற வண்டிக்கு ‘இன்’ என்று நினைவில் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் பிழை வராது. சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ‘ஆன்’தான். ஆனால் ‘கெட்டிங் ஆன்’ எல்லா இடத்திலும் வண்டியைக் குறிக்காது. ‘ஹவ் ஆர் யூ கெட்டிங் ஆன்?’ என்றால் ‘எப்படிப் போய்க்கொண்டிருக்கிறது?’ என்ற நலம் விசாரிப்பு. ‘தே டோன்ட் கெட் ஆன்’ என்றால் அவர்கள் இருவருக்கும் ஒத்துப்போவதில்லை என்று பொருள். அமெரிக்காவில் ‘வாட் டைம் டூ யூ கெட் ஆஃப்?’ என்று உடன் வேலை செய்பவர் கேட்டால், உங்கள் வேலை எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்கிறார்.

‘கெட் அவுட்’ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ் பேசும்போதே நாம் கோபத்தில் பயன்படுத்துகிற சொல் என்பதால், அது காதில் விழுந்ததுமே நம் முகம் சுருங்கிவிடுகிறது. எனக்குத் தெரிந்த ஓர் அம்மாவிடம் பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருநாள் ‘யூ ஷுட் கெட் அவுட் மோர்’ என்று சொல்ல, வெளியே போகச் சொல்கிறாளே என்று அவர் பல வாரங்கள் அந்த வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் இருந்தார். ‘வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்காமல் அடிக்கடி நாலு இடத்துக்குப் போய் வாருங்கள்’ என்று அக்கறையோடு சொல்லப்பட்ட வார்த்தை அது. தனிமையில் இருக்கும் ஒருவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஒரு நட்பு, சொல் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதால் அத்தனை வாரங்கள் தள்ளிப்போனதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இன்னொன்று, வியப்பான செய்தி ஒன்றை நீங்கள் சொல்லும்போது எதிரில் இருப்பவர் ‘கெட் அவுட்!’ என்று குரலை உயர்த்தினால், அது ‘நிஜமாகவா!’ என்பதைத் தவிர வேறில்லை.

மருத்துவரிடம் போகும்போது இன்னும் கவனம் வேண்டும். ‘டூ யூ கெட் எனி பெயின்?’ என்று கேட்டால், இந்த நிமிடத்தில் வலிக்கிறதா என்று அவர் கேட்கவில்லை; அவ்வப்போது வலி வருவது உண்டா என்று கேட்கிறார். உட்கார்ந்திருக்கும்போது வலி இல்லை என்பதற்காக ‘நோ’ என்று சொல்லிவிட்டால், படி ஏறும்போது நெஞ்சில் வருகிற வலி அவருடைய குறிப்பில் இடம்பெறாமலேயே போய்விடும். ‘டூ யூ கெட் டிஸ்ஸி?’ என்பதும் அப்படியே: தலைசுற்றல் வருவது உண்டா என்பது கேள்வி. ‘இஸ் இட் கெட்டிங் வர்ஸ்?’ என்றால் நோய் எந்தத் திசையில் போகிறது, நாளுக்கு நாள் கூடுகிறதா என்று கேட்கிறார். ‘கெட் ஓவர்’ என்பது நோயிலிருந்தோ துக்கத்திலிருந்தோ மீண்டு வருதல்.

தமிழ் நினைப்பே நம்மைத் தவறாகப் பேசவைக்கிற இடம் ஒன்று உண்டு. ‘நேற்று முடி வெட்டினேன்’, ‘வீடு கட்டினேன்’ என்று தமிழில் சொன்னால், வெட்டியவரும் கட்டியவரும் வேறு என்று கேட்பவருக்குச் சொல்லாமலே தெரியும். இதையே ‘ஐ கட் மை ஹேர்’ என்று ஆங்கிலத்தில் வைத்தால், நீங்களே கத்தரிக்கோலை எடுத்து வெட்டிக்கொண்டீர்கள் என்று ஆகிவிடும். பிறரைக் கொண்டு செய்வித்துக்கொண்ட எதற்கும் ‘ஐ காட் மை ஹேர் கட்’ என்கிற அமைப்புதான் வேண்டும். முடி விஷயத்தில் பிழை நேர்ந்தால் இழப்பு ஒன்றுமில்லை. வாடகை வீட்டில் மின்கம்பி பழுதாகி, முறையாக ஓர் எலக்ட்ரீஷியனை அழைத்துச் சரிசெய்துவிட்டு, வீட்டுக்காரரிடம் ‘ஐ ரிப்பேர்ட் தி வயரிங்’ என்று சொன்னால், தகுதி இல்லாத ஒருவர் தாமே மின்கம்பியில் கைவைத்துவிட்டார் என்று அவர் எண்ணக்கூடும், ஒப்பந்தத்தை மீறியதாகக்கூட எடுத்துக்கொள்ளலாம். ‘ஐ காட் தி வயரிங் ரிப்பேர்ட்’ என்று சொல்லுங்கள், அந்தச் சிக்கல் எழாது.

‘கெட் டு’, ‘காட் டு’ என்னும் இரண்டும் வேகமான பேச்சில் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோல ஒலிக்கக்கூடும். ‘ஐ காட் டு ஸீ ஹர்’ என்றால் அவளைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது என்பது ஒரு பொருள். ‘ஐ ஹேவ் காட் டு ஸீ ஹர்’ என்றால் அவளைப் பார்த்தே ஆக வேண்டும். பேச்சில் அந்த ‘ஹேவ்’ தேய்ந்து, பல வேளைகளில் மறைந்தே போய்விடுவதால், நடந்து முடிந்ததைச் சொல்கிறாரா, இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறாரா என்பதைச் சுற்றியுள்ள பேச்சை வைத்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். வேலை இடத்தில் ‘யூ கெட் டு சூஸ்’ என்றால் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. ‘யூ காட் டு சூஸ்’ என்றால் எப்படியும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

‘ஐ வில் கெட் பேக் டு யூ’ என்பதை நம்பி நான் ஒரு முறை நட்டப்பட்டிருக்கிறேன். வீடு தேடிக்கொண்டிருந்த நாட்களில் முகவர் ஒருவர் இதைச் சொல்ல, மறுநாளே அழைத்துவிடுவார் என்று எண்ணி, கைக்கு வந்த இன்னொரு வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பத்து நாட்கள் காத்திருந்தும் அழைப்பு வரவில்லை. ‘விசாரித்துவிட்டுச் சொல்கிறேன்’ என்பதுதான் அந்தத் தொடரின் பொருள், அதற்குள் எந்த உறுதிமொழியும் இல்லை. சில வேளைகளில் முடியாது என்பதை மென்மையாகச் சொல்லும் வழியாகவும் அது அமைகிறது. எனவே எந்த நாளுக்குள் சொல்வீர்கள் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள், கேட்பதை யாரும் தவறாக நினைப்பதில்லை.

வேறு சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அழைப்புமணி அடிக்கும்போது ‘ஐ வில் கெட் இட்’ என்றால் ‘நான் போய்ப் பார்க்கிறேன்’. பணம் கொடுக்கும் இடத்தில் ‘ஐ வில் கெட் திஸ்’ என்றால் ‘இதற்கு நான் கொடுக்கிறேன்’. தொலைபேசியில் ‘கெட் த்ரூ’ என்றால் இணைப்புக் கிடைத்தல். ‘கெட் பை’ என்றால் உள்ளதை வைத்துச் சமாளித்தல். வாடகை பற்றிய பேச்சில் ‘கெட் பிஹைண்ட்’ வந்தால் தவணை பாக்கி விழுந்துவிட்டது என்று பொருள், அதை உடனே கவனியுங்கள். திருமணம் பற்றிச் சொல்லும்போது ‘கெட் மேரீட் டு’ என்பதே சரி. ‘உடன்’ என்ற தமிழ் நினைப்பில் ‘வித்’ என்று சொல்லிவிடுகிறோம். பிரிட்டனில் ‘காட்’ என்று வருகிற பல இடங்களில் அமெரிக்கர்களும் கனடியர்களும் ‘காட்டன்’ என்பார்கள், இரண்டும் பிழையில்லை.

இவையெல்லாம் தெரிந்த பிறகும் காது ஏமாற்றக்கூடும், ஏனெனில் ‘கெட்’டின் கடைசி ஒலி அடுத்து உயிரெழுத்து வந்தால் மாறிவிடுகிறது. அமெரிக்கர்களும் ஆஸ்திரேலியர்களும் ‘கெட் இட்’ என்பதை ‘கெடிட்’ என்றும் ‘கெட் அவுட்’ என்பதை ‘கெடவுட்’ என்றும் ஒரே மூச்சில் சொல்வார்கள். அந்த ஒலி ‘படம்’ என்ற சொல்லில் வருகிற நம் டகரத்துக்கு நெருக்கமானது. பிரிட்டனில் பலர் அந்த ஒலியைத் தொண்டையிலேயே நிறுத்திவிடுவதால், ‘கெ’ என்று தொடங்கி ஒரு சிறு தடை ஏற்பட்டு ‘இட்’ என்று முடிவதாகக் கேட்கும். பேருந்தில் உட்கார்ந்திருக்கும்போது பொருளைப் பற்றிக் கவலைப்படாமல் இந்த ஒலிகளை மட்டும் கவனித்துவந்தால் சில வாரங்களில் காது பழகிவிடும்.

எழுதும்போது நீங்கள் கற்ற ஆங்கிலத்தையே நம்பலாம். விண்ணப்பத்திலும் புகார்க் கடிதத்திலும் ‘ரிசீவ்’, ‘அப்டெய்ன்’, ‘பிகம்’ ஆகியவையே பொருந்தும். அங்கே ‘கெட்’டைத் தேடிச் சேர்க்க வேண்டியதில்லை.

பேச்சில் புரியாமல் போனால் தலையாட்டிவிடாதீர்கள், மருத்துவமனையில் ஒருபோதும் வேண்டாம். ‘சாரி, ஐ டிட்ன்ட் கெட் தட்’ என்று சொல்லுங்கள். ‘எனக்குப் புரியவில்லை’ என்பதற்கும் இங்கே இதே சொல்தான். கேட்டவர் பெரும்பாலும் அதே கேள்வியை வேறு சொற்களில் கேட்பார், அந்த வேறு சொற்கள் நமக்குத் தெரிந்த சொற்களாகவே இருக்கும். அன்று அந்தச் செவிலியரும் பெரியவர் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘டிட் சம்ஒன் டிரைவ் யூ?’ என்றார். பெரியவர் உடனே என் பக்கம் கையைக் காட்டினார்.