அரச விழா நாணயம் வெள்ளிதானா? ஒரு டம்ளர் தண்ணீர் போதும்

பிரிட்டனில் 1981-இல் சார்லஸ் - டயானா திருமணத்துக்கு வெளியிட்ட கிரௌன் நாணயத்தை வெள்ளி என்று சொல்லி விற்கிறார்களா? கொஞ்சம் பொறுங்கள். அவற்றில் பெரும்பாலானவை செம்பும் நிக்கலும் கலந்தவை. 92.5 சதவீத வெள்ளியில் அச்சடித்த 'புரூஃப்' நாணயங்கள் (கண்ணாடி மாதிரி பளபளக்கும்படி தனிக் கவனத்தோடு அச்சடித்தவை) சேகரிப்பாளர்களுக்கென்று தனியாகப் பெட்டியில் வந்தவை. எலிசபெத் ராணியின் 1977 வெள்ளி விழா நாணயத்திலும் இதே கதைதான்.

வெறும் எடையைப் பார்த்துப் பயனில்லை; இரண்டுமே 28.28 கிராம், விட்டமும் 38.61 மி.மீ. அடர்த்திதான் காட்டிக்கொடுக்கும்: வெள்ளிக்கு அடர்த்தி அதிகம், அதனால் அதே எடைக்குக் குறைவான தண்ணீரையே விலக்கும். நகை எடைபோடும் சின்ன டிஜிட்டல் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்து, அளவைப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, முழுதும் மூழ்கும்படி, ஆனால் அடியையோ பக்கத்தையோ தொடாமல் தொங்கவிடுங்கள். தராசு சுமார் 2.7 கிராம் காட்டினால் வெள்ளி. 3.2-ஐ ஒட்டி வந்தால் செம்பு-நிக்கல். நாணயத்தில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு தப்பிவிடும், அதைத் தட்டிவிடுங்கள்.

அப்புறம், மூடிய உறைக்குள் இருக்கும் புரூஃப் நாணயத்தை இதற்காக வெளியே எடுக்கவே வேண்டாம். கண்ணாடி மாதிரி பளபளக்கும் அந்தப் பரப்பில் ஒரு விரல் ரேகை பட்டாலே விலை இறங்கிவிடும். விபூதி, பற்பசை போட்டுத் தேய்ப்பது அதைவிட மோசம்.