வீட்டு போர்ச்சில் ஸ்ட்ரட் பார் மாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில், சிலாங்கூரில் இருக்கும் எங்கள் பெஸ்தாரி ஜெயா ரோடு எப்படி என்பது குலை லாரிக்குப் பின்னால் ஓட்டியவர்களுக்குத் தெரியும். ஊர்ப் பெயர் 2007-இல் மாறியது. எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இன்றும் அது பத்தாங் பெர்ஜுந்தைதான். ஒரு பக்கம் செம்பனைக் குலை லாரி, இன்னொரு பக்கம் பழைய ஈயக்குட்டைப் பக்கமிருந்து வரும் மணல் லாரி. தார் அலை அலையாகக் கிடக்கும். தோட்டத்துக்குள் திரும்பினால் செம்மண்ணும் கல்லும்தான். இந்த ரோட்டில் ஓடும் பழைய மைவி கார் வளைவில் முனக ஆரம்பித்தால், கோப்பிக் கடையில் யாராவது ஒருவர் சொல்வார்: “ஸ்ட்ரட் பார் ஒண்ணு போடு, காடி கல்லு மாதிரி நிக்கும்.”

கல் மாதிரியெல்லாம் நிற்காது. முன்பக்கம் குலுக்கலைத் தாங்கும் இரண்டு அப்சோர்பரின் தலையும் பாடியில் போய் உட்காரும் மேடுகள் இருக்கின்றனவே, அவற்றை ஒரு கம்பியால் சேர்த்துக் கட்டுவதுதான் இந்த பார். வேகமாக வளையும்போது அந்த மேடுகள் ஆளுக்கொரு பக்கம் லேசாக அசையும். பார் அதைக் குறைக்கும். அப்சோர்பரில் எண்ணெய் கசிந்தாலோ, மேல் மவுண்ட் ரப்பர் வெடித்திருந்தாலோ, சக்கரத்தைப் பிடிக்கும் கீழ் ஆர்மின் ரப்பர் புஷ் கிழிந்திருந்தாலோ பார் எதையும் சரி செய்யாது. நின்ற இடத்தில் ஸ்டீரிங்கைத் திருப்பும்போது முன்னால் ‘டொக்’ என்று கேட்டால் அந்தக் காசை முதலில் மவுண்டுக்குக் கொடுங்கள். பார் அடுத்த மாதம் வாங்கலாம்.

சரி, வாங்கியாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். போனெட்டைத் திறந்தால் ஒவ்வொரு மேட்டிலும் ஓரத்தில் இரண்டு அல்லது மூன்று நட்டு, நடுவில் ஒரு பெரிய நட்டு. பல கார்களில் நடு நட்டுக்கு மேல் ரப்பர் மூடி இருக்கும். பாருக்காகக் கழற்ற வேண்டியது ஓரத்து நட்டுகளை மட்டும். நடு நட்டு அப்சோர்பர் தண்டையும் மவுண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. அமுங்கிக் கிடக்கும் ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பதும் அதுதான். அதைக் கழற்றினால் ஸ்பிரிங் தன் முழு பலத்தோடு விடுபடும், கை முகம் பார்க்காது. எங்கள் போமன் (மெக்கானிக்) அண்ணன் எனக்கு முதலில் சொன்னதே இதைத்தான்: “தம்பி, ஓரத்துல என்ன வேணும்னாலும் பண்ணு. நடுவுல இருக்கிறதப் பாத்துக் கும்புடு, தொடாத.”

அடுத்த தவறு, காரை ஜாக்கில் தூக்கி வைத்துக்கொண்டு மேல் பாரை மாட்டுவது. சக்கரம் தொங்கும்போது ஓரத்து நட்டுகளை எல்லாம் எடுத்துவிட்டால் அப்சோர்பர் அப்படியே கீழே இறங்கும். ஒரு பக்கம் மட்டும் தூக்கியிருந்தால் பாடியும் கொஞ்சம் முறுக்கிக் கிடக்கும், அந்த நிலையிலேயே பாரைப் பூட்டிவிடுவீர்கள். நான்கு சக்கரமும் தரையில், தரை சமமாக இருக்க வேண்டும். நம் தாமான் (குடியிருப்பு) வீட்டு போர்ச்செல்லாம் தண்ணீர் ஓட வாட்டம் வைத்துக் கட்டியது. கார் சாய்ந்தா நிற்கிறது என்று பாருங்கள். சாய்ந்தால் சமமான வேறு இடத்துக்கு நகர்த்துங்கள். ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்கு முட்டு. இன்ஜின் ஆறியிருக்கட்டும். நட்டுகளை ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள்.

பாரின் முனையில் இருக்கும் பிராக்கெட் தகடு, மேட்டில் நீட்டி நிற்கும் மரைக் கம்பியில் (ஸ்டட்) சும்மா விழ வேண்டும். விழவில்லை என்று சுத்தியலால் தட்டாதீர்கள்; துளை உங்கள் மாடலுக்கு ஒத்து வரவில்லை என்று அர்த்தம். பிராக்கெட் தடிமனாக இருந்தால் ஸ்டட்டில் நட்டு பிடிக்க மரை போதாமல் போகும். நட்டு முழுதாக ஏறியபின் மேலே இரண்டு மரையாவது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்த பார் உங்கள் காருக்கு இல்லை, கடையில் திருப்பிக் கொடுங்கள். நீளம் திருகி மாற்றும் பாராக இருந்தால், இழுக்கவும் வேண்டாம், நெட்டவும் வேண்டாம். கையால் சரிசெய்து, தளர்வாக உட்கார்ந்ததும் லாக் நட்டைப் பூட்டுங்கள். பிறகு போனெட். அதை ஓங்கி அடைக்காதீர்கள். பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைக் கொஞ்சம் பாரின் மேல் வைத்து மெதுவாக இறக்கித் தூக்கிப் பாருங்கள். எவ்வளவு இடம் மிச்சம் என்று களிமண் சொல்லும். இன்ஜினும் பெட்ரோல் மிதிக்கும்போது சாயும் என்பதால் பாருக்கும் அதற்கும் இடையே விரல் நுழையும் இடைவெளி வேண்டும்.

இனி முடுக்கும் வேலை. நான் மாட்டிக்கொண்டதும் இங்கேதான்.

நட்டைத் திருகும்போது போல்ட்டு ஒரு கடினமான ஸ்பிரிங் மாதிரி துளியளவு நீள்கிறது. அந்த இழுவிசைதான் இரண்டு தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கிறது. நாம் கொடுக்கும் பலத்தில் சுமார் 10 பங்கில் 9 பங்கு உராய்விலேயே போய்விடும். நீட்டுவதற்கு மிஞ்சுவது ஒரு பங்குதான். ஆகவே மரையில் எண்ணெயோ கிரீஸோ பட்டால் கணக்கே மாறும். உராய்வு குறையும், அதே எண்ணில் முடுக்கினாலும் ஸ்டட் அளவுக்கு மீறி நீளும். ‘துரு பிடிக்காமல் இருக்கட்டும்’ என்று கிரீஸ் தடவுவது பழக்கமாக இருந்தால், சர்வீஸ் புத்தகம் சொல்லாத இடத்தில் அதை விட்டுவிடுங்கள். மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்தால் போதும்.

முடுக்கும் அளவு எவ்வளவு என்பது உங்கள் காரின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும், ஒவ்வொரு மாடலுக்கும் வேறு. 8.8 தரத்து 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பொதுவாகச் சுமார் 25 நியூட்டன் மீட்டர், 10 மில்லிமீட்டருக்கு 50-ஐ ஒட்டி என்பார்கள். புத்தகத்து எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கத்தான் இவை. 25 என்பது எவ்வளவு குறைச்சல் என்று கையில் பிடித்தால்தான் தெரியும். சக்கர நட்டு முடுக்கிப் பழகிய கை அதை ஒரு மூச்சில் தாண்டிவிடும்.

நான் செய்தது இன்னும் மோசம். முடுக்கும் அளவை வைத்தால் அங்கே ‘கிளிக்’ என்று சொல்லும் டோர்க் ரெஞ்ச் ஒன்றை இரவல் வாங்கினேன். அதில் இரண்டு அளவுகோல், பக்கத்துப் பக்கத்தில். புத்தகத்தில் இருந்தது நியூட்டன் மீட்டர். நான் வைத்தது ஃபூட்-பவுண்ட் கோட்டில். 1 ஃபூட்-பவுண்ட் சுமார் 1.36 நியூட்டன் மீட்டர். அதாவது 40 என்று நினைத்து வைத்தால் 54 போகும். ‘கிளிக்’ வருவதற்குள் ஸ்டட் ‘டக்’கென்று முறிந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒரு வொர்க்‌ஷாப்பும் திறந்திருக்கவில்லை. அந்த ஸ்டட் மவுண்டோடு அழுத்திப் பொருத்தியது, தனியாக மாற்ற வழியில்லை. மறுநாள் அப்சோர்பரையே கழற்றி மவுண்ட் மாற்ற வேண்டியதாயிற்று. பாருக்குக் கொடுத்ததைவிட அதற்குக் கொடுத்தது அதிகம். பழைய புத்தகங்களில் கிலோகிராம்-மீட்டர் (kgf·m) கணக்கிலும் இருக்கும். 1 கிலோகிராம்-மீட்டர் என்றால் சுமார் 9.8 நியூட்டன் மீட்டர்.

ரெஞ்சும் பொருத்தமாக இருக்க வேண்டும். சக்கரத்துக்கு வாங்கிய பெரிய ரெஞ்ச் அளவின் அடிமட்டத்தில் சரியாகக் காட்டாது, சின்னது வேண்டும். கைப்பிடியைப் பிடித்து மெதுவாக இழுங்கள், ஒரு கிளிக் கேட்டதும் நிறுத்துங்கள். ‘இன்னொரு கிளிக், திருப்திக்கு’ என்று இழுப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். அந்த இரண்டாவது கிளிக் அளவுக்கு மேல் போகிறது. அந்த ரெஞ்சால் நட்டைக் கழற்றவும் கூடாது. வேலை முடிந்ததும் அளவைக் கீழ் எண்ணுக்கு இறக்கி வையுங்கள். நட்டுகளை முதலில் விரலால் ஏற்றுங்கள், இம்பாக்ட் கன் எடுக்காதீர்கள். பிறகு ஒன்று மாற்றி ஒன்றாக, பாதி அளவில் ஒரு சுற்று, முழு அளவில் ஒரு சுற்று.

காரின் அடியில் போடும் பார் வேறு கதை. அது ஆர்ம் போல்ட்டைத் தொடுவதாக இருந்தால், காரைத் தூக்கி வைத்தே கடைசி முடுக்கு கொடுக்காதீர்கள். சக்கரம் தொங்கும் நிலையில் பூட்டினால், தரையில் இறக்கியதும் புஷ் ரப்பர் முறுக்கியே இருக்கும், சீக்கிரம் கிழியும். பாரம் சக்கரத்தில் இருக்கும்போதுதான் கடைசி முடுக்கு. பிறகு சக்கர அலைன்மெண்ட் பாருங்கள். காரின் அடியில் படுப்பதானால் ஜாக்கை மட்டும் நம்பாதீர்கள், செங்கல்லை அடுக்கவே அடுக்காதீர்கள். ஜாக் ஸ்டாண்டு இல்லையென்றால் போமனிடம் கொடுத்துவிடுங்கள்.

முடித்ததும் மகளின் பையில் இருந்த லிக்விட் பேப்பரை எடுத்து நட்டிலிருந்து பிராக்கெட் வரை ஒரு வெள்ளைக் கோடு போட்டேன். பிராக்கெட்டுக்கு அடியில் பெயிண்ட் இருந்தால் அது நாளடைவில் அமுங்கி இறுக்கம் குறையும் என்பதற்காக, ஒரு வாரம் தோட்ட ரோட்டில் ஓட்டியபின் மறுபடி ரெஞ்சை வைத்துப் பார்த்தேன். வலப்பக்கம் தொட்டதுமே கிளிக். இடப்பக்கம் ஒரு நட்டு மட்டும் கிளிக் வருமுன் கொஞ்சம் நகர்ந்தது, வெள்ளைக் கோடு முடியளவு பிரிந்து நின்றது. அதன் மேலேயே புதிதாக இன்னொரு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.