போல்சேனா ஏரிக்கரையில் கிழிந்த டயரைச் சரிசெய்த விதம்

இத்தாலியின் லாட்சியோ பகுதியில் உள்ள போல்சேனா, ஏறத்தாழ 114 சதுர கிலோமீட்டர் பரப்பும் அதிகபட்சம் 151 மீட்டர் ஆழமும் கொண்ட எரிமலை ஏரி. அதன் கிழக்குக் கரை மேட்டில், மோன்தெஃபியாஸ்கோனேயிலிருந்து போல்சேனா ஊருக்கு இறங்கும் பிரான்சிஜேனா யாத்திரைப் பாதையில், ரோமானியர் காலத்துக் கருங்கல் பாளங்களும் ஆலிவ் தோப்புகளுக்கு நடுவே செல்லும் சரளை வழிகளும் மாறி மாறி வருகின்றன. இத்தனை அழகான சைக்கிள் வழியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அங்கே, எரிமலைப் பாறைச் சில்லு ஒன்று என் சைக்கிளின் 40 மி.மீ. அகலமுள்ள டியூப்லெஸ் (உள்டியூப் இல்லாத) பின்டயரின் நடுப்பகுதியைக் கிழித்தது. உள்ளிருக்கும் சீலண்ட் திரவம் சிறு துளைகளை அடைத்துவிடும். ஆனால் வெட்டு சில மில்லிமீட்டர் நீண்டிருந்ததால், காற்றின் வேகம் திரவத்தை உறையவிடாமல் வெளியே தள்ளிக்கொண்டே இருந்தது. பிசுபிசுப்பான ரப்பர் திரியை ஊசியில் கோத்து, வெட்டுக்குள் செலுத்தி, ஊசியை மட்டும் உருவி எடுத்தேன். பிறகு வெட்டு தரையை நோக்கி இருக்குமாறு சக்கரத்தைத் திருப்பிச் சிறிது நேரம் நிறுத்தியதும், அங்கே தேங்கிய சீலண்ட் திரியைச் சுற்றியிருந்த இடைவெளியை அடைத்தது. காற்றடித்து, நீண்டிருந்த திரியின் முனைகளை நறுக்கினேன்.

ஊரை அடைந்தபின் டயரைக் கழற்றி, உட்புறத்தைத் துடைத்து உலர்த்தி, சொரசொரப்பாக்கி, பசை தடவி ஒட்டுப்போட்டேன். திரி மட்டும் இருந்தால் மீண்டும் கூர்மையான கற்களில் பிடுங்கப்படக்கூடும். சீலண்டையும் புதிதாக நிரப்பினேன், ஏனெனில் கோடை வெயிலில் அது விரைவாக உலர்ந்துவிடுகிறது.