ஃபேமிகாமுக்கு எந்தக் கேசட்டுகளை வாங்கலாம்?

நின்டெண்டோவின் ஃபேமிகாம் போன்ற எட்டு பிட் கன்சோல் (டிவியில் மாட்டி ஆடும் பெட்டி) கைக்கு வந்ததும் பலர் முதலில் தேடுவது ‘999 இன் 1’ கேசட்டைத்தான். அது வேண்டாம். தனித்தனி விளையாட்டு என்று எண்ணினால் அதில் கொஞ்சம்தான் தேறும். மிச்சமெல்லாம் அதே விளையாட்டு வேறு பெயரில், அல்லது ஐந்தாவது ஸ்டேஜிலிருந்து தொடங்கும்படி மாற்றப்பட்டிருக்கும். இன்னொரு குறை பெரியது. அவற்றில் நிறைந்திருப்பவை சின்ன அளவிலான ஆரம்பகால விளையாட்டுகள். இந்தக் கன்சோலின் உச்சம் அதற்குப் பிறகு, கேசட்டுக்குள்ளேயே கூடுதல் சிப் வைத்து வந்த விளையாட்டுகளில் இருக்கிறது. 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 40 கிலோபைட்; 1993-இல் வந்த கிர்பிஸ் அட்வென்ச்சர் 768 கிலோபைட். இரண்டும் ஓடுவது 2 கிலோபைட் ரேம் மட்டுமே உள்ள அதே பெட்டியில். நன்றாகத் தேர்ந்தெடுத்தால் ஏழெட்டு கேசட்டே பல மாதங்களுக்குப் போதும்.

வாங்குமுன் உங்களிடம் இருக்கும் பெட்டி எது என்று பாருங்கள். நின்டெண்டோ 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமில் கேசட்டுக்கு 60 பின் (இணைப்பு முனை). 1985-இல் அமெரிக்காவுக்குப் போன என்இஎஸ் வடிவத்தில் 72 பின். 90களில் நம் ஊர்க் கடைகளில் ‘டிவி கேம்’ என்று விற்றவை ஃபேமிகாமின் நகல்கள். அவற்றுக்கு 60 பின் கேசட்தான் பொருந்தும். ஒன்றை மற்றொன்றில் போட மாற்று அடாப்டர் உண்டு. ஆனால் சில ஜப்பானியக் கேசட்டுகளில் இசைக்கென்றே தனிச் சிப் இருக்கிறது. காஸில்வேனியா 3-இன் ஜப்பானியப் பதிப்பு அப்படிப்பட்டது. மாற்றம் செய்யாத என்இஎஸ்ஸில் அதன் கூடுதல் இசை கேட்காது. மீதி இசையும் விளையாட்டும் சரியாகவே ஓடும்.

மின்சாரத்தில் கவனம் வேண்டும். அசல் ஃபேமிகாமுக்கு 10 வோல்ட் டிசி, 850 மில்லிஆம்ப், பிளக்கின் நடுமுனை நெகட்டிவ். அதனுடன் வரும் ஜப்பானிய அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது; நம் 230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகினால் எரிந்துவிடும். அமெரிக்க என்இஎஸ்ஸின் அடாப்டர் 9 வோல்ட் ஏசி கொடுக்கும். அதை ஃபேமிகாமில் செருகினால் பெட்டியே கெடும். இங்கே கிடைக்கும் 9 வோல்ட் டிசி, 1 ஆம்ப், நடுமுனை நெகட்டிவ் அடாப்டர் ஃபேமிகாமுக்குப் போதும். நகல் பெட்டிகளில் முனை மாறி இருக்கலாம் என்பதால் அடியில் அச்சிட்ட குறியைப் படித்துவிட்டுச் செருகுங்கள்.

இனி விளையாட்டுகள். முதல் கேசட் சூப்பர் மாரியோ பிரதர்ஸ். எட்டு உலகங்களில் மொத்தம் 32 ஸ்டேஜ். எல்லா லைஃபும் தீர்ந்ததும் முதலிலிருந்து ஆட வேண்டும் என்று நினைத்துப் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். தேவையில்லை: டைட்டில் திரையில் ஏ பட்டனை அழுத்திக்கொண்டே ஸ்டார்ட் கொடுத்தால், கடைசியாக இறந்த உலகத்தின் முதல் ஸ்டேஜிலிருந்து தொடரலாம். நகல் பெட்டிகளின் கன்ட்ரோலரில் இருக்கும் டர்போ பட்டனை இதில் தொடாதீர்கள். ஓடுவதற்கு பி-யை விடாமல் பிடிக்க வேண்டும். டர்போ அதை விட்டுவிட்டு அழுத்துவதால் மாரியோவுக்கு வேகம் ஏறாது, நீளமான பள்ளத்தைத் தாண்ட முடியாது.

அடுத்தது சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3. ஒரே ஒரு கேசட்தான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள். 1988-இல் ஜப்பானில் வந்தது. எட்டு உலகங்கள், ஆனால் சேவ் கிடையாது; பெட்டியை அணைத்தால் போச்சு. அதனால் உலகங்களைத் தாண்டிப் போக உதவும் விசில் இருக்கும் இடங்கள் தெரிந்திருக்க வேண்டும். முதல் உலகத்தின் மூன்றாவது ஸ்டேஜில் (1-3) வெள்ளைக் கட்டையின் மேல் நின்று, கீழ் அம்புக்குறியைச் சில வினாடிகள் அழுத்திப் பிடியுங்கள். மாரியோ திரைக்குப் பின்னால் விழுவார். அப்படியே கடைசி வரை ஓடினால் ஒரு வீட்டுக்குள் போய் விசில் கிடைக்கும். இரண்டாவது விசில் அதே உலகத்தின் கோட்டையில். பறக்க உதவும் ராக்கூன் வாலோடு உள்ளே போய், பறந்து கூரைக்கு மேலே ஏறி, வலது கோடி வரை நடந்து மேல் அம்புக்குறியை அழுத்துங்கள். முதல் விசிலை ஊதி, வேறு உலகங்களுக்குத் தாவும் இடமான வார்ப் மண்டலத்துக்கு வந்ததும், அங்கேயே இரண்டாவதையும் ஊதினால் நேரே எட்டாவது உலகம்.

இருவர் சேர்ந்து ஆட பேட்டில் சிட்டி, கான்ட்ரா. பேட்டில் சிட்டி நாம்கோ 1985-இல் ஜப்பானில் மட்டும் வெளியிட்டது. நம் ஊர்ப் பெட்டிகளில் ‘டேங்க் 1990’ என்ற திருத்திய வடிவில்தான் அதிகம் பழக்கம். முடிந்தால் அசலை வாங்குங்கள், ஸ்டேஜ்களின் அளவும் சமநிலையும் அதில்தான் சரி. ஒவ்வொரு ஸ்டேஜிலும் 20 எதிரி டாங்கிகள் வரும். அவற்றில் 4-ஆவது, 11-ஆவது, 18-ஆவது மின்னிக்கொண்டு வரும். அவற்றைச் சுட்டால்தான் பவர் கிடைக்கும். அந்தப் பவர்களில் நட்சத்திரம் மூன்று சேர்ந்தால் இரும்புச் சுவரும் உடையும், ஆகவே யார் நட்சத்திரம் எடுப்பது, யார் நம் தளமான கழுகைக் காப்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

கான்ட்ராவில் மூன்று லைஃப்தான். அமெரிக்கப் பதிப்பின் டைட்டில் திரையில் மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ, ஸ்டார்ட் என்று அழுத்தினால் 30 லைஃப். இருவருக்கு என்றால் ஸ்டார்ட்டுக்கு முன் செலக்ட். குண்டுகள் பரவிப் பாயும் எஸ் எழுத்துத் துப்பாக்கி கிடைத்தவர் வேறு எழுத்து வந்தால் எடுக்கவே கூடாது. மூன்றாவது ஸ்டேஜ் அருவியில் மேலே இருப்பவர் அவசரப்பட்டால் திரை நகர்ந்து கீழே இருப்பவர் சாவார், சேர்ந்தே ஏறுங்கள்.

தனியாக ஆடுபவருக்கு 1988-இன் மெகாமேன் 2. எட்டு எதிரிகளில் யாரை முதலில் அடிப்பது என்பதில்தான் விளையாட்டே இருக்கிறது. மெட்டல் மேனிடம் தொடங்குங்கள். அவரிடம் பெறும் மெட்டல் பிளேடு எட்டுத் திசையிலும் பாயும், செலவும் குறைவு. அதை வைத்து பபிள் மேன். அவரிடம் பெற்றதை வைத்து ஹீட் மேன். அவரிடம் பெற்றதை வைத்து வுட் மேன். பிறகு ஏர் மேன், கிராஷ் மேன். இந்த வரிசையில் ஒருவரின் ஆயுதம் அடுத்தவரின் பலவீனம். விட்ட இடத்திலிருந்து தொடர பாஸ்வேர்டு உண்டு, திரையை ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

டெட்ரிஸ் வாங்கும்போது பதிப்பைக் கவனியுங்கள். 1988-இன் ஜப்பானிய ஃபேமிகாம் பதிப்பில் கீழ் அம்புக்குறி கட்டையைத் திருப்பும், ஏ கட்டையைக் கீழே போட்டுவிடும். மற்ற டெட்ரிஸில் பழகியவர்களுக்குக் கை ஓடாது. நின்டெண்டோவின் 1989 பதிப்புதான் தேவை.

தி லெஜண்ட் ஆஃப் செல்டா, கிர்பிஸ் அட்வென்ச்சர் இரண்டிலும் சேவ் இருக்கிறது. அது கேசட்டுக்குள் உள்ள பேட்டரியால் நிற்பது. பழைய கேசட் வாங்கினால் பேட்டரி தீர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். விற்பவரிடம் ஒரு சேவ் போட்டு, அணைத்து, பத்து நிமிடம் கழித்துக் காட்டச் சொல்லுங்கள். மாற்றுவதானால் சிஆர்2032, தகடு ஒட்டி வருவதாக வாங்குங்கள். பேட்டரியின் மேலேயே ஈயம் வைத்துப் பற்றவைத்தால் சூட்டில் வெடிக்கக்கூடும். அமெரிக்கச் செல்டாவில் பெட்டியை அணைக்கும்போது ரீசெட்டைப் பிடித்துக்கொண்டு அணையுங்கள், இல்லையென்றால் சேவ் அழியலாம்.

கேசட் ஓடவில்லை என்றால் வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் பின்களை அரிக்கும். ஊதியதும் ஓடுவது, கழற்றி மாட்டியதால் பின்கள் புதிதாகத் தொட்டதால்தான். 90 சதவீதத்துக்கு மேலான ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் பட்ஸ் நனைத்துப் பின்களின் நீளவாக்கில் துடையுங்கள். பட்ஸ் வெள்ளையாகவே வரும் வரை மாற்றி மாற்றித் துடைத்து, ஐந்து நிமிடம் காயவிட்டுப் போடுங்கள். பல எதிரிகள் ஒரே வரிசையில் வரும்போது உருவங்கள் மின்னினால் அது கேசட்டின் பழுதல்ல. ஒரு கிடைவரியில் எட்டு ஸ்பிரைட்டுக்கு (உருவங்களை உண்டாக்கும் சின்னத் துண்டு) மேல் இந்தக் கன்சோலால் காட்ட முடியாது.

கடைசியாக டக் ஹண்ட். அதன் துப்பாக்கி, நீங்கள் சுட்டதும் திரை கறுத்து வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளையாக வருவதைக் கண் போலப் பார்க்கிறது. அந்த நேரக் கணக்கு பழைய குழாய் டிவிக்கானது. எல்சிடி டிவியில் படம் கொஞ்சம் தாமதமாக வருவதால் ஒரு வாத்தும் விழாது. வீட்டில் குழாய் டிவி இல்லை என்றால் டக் ஹண்டுக்குப் பணம் போடாதீர்கள். எல்சிடியில் மற்ற விளையாட்டுகளை ஆடும்போதும் டிவியின் கேம் மோடைப் போட்டுக்கொள்ளுங்கள். மாரியோவின் தாவலில் வித்தியாசம் கையிலேயே தெரியும்.