பிரிட்டனின் பழைய மின்ரயில்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

பிரிட்டனில் வயதான மின்ரயில் எங்கே ஓடினாலும் அதற்குப் பின்னால் ஓர் அளவு இருக்கும். சுரங்கத்தின் உயரமோ, தண்டவாளத்தின் அகலமோ, மின்சாரத்தின் வோல்ட்டோ நாட்டின் மற்ற தடங்களோடு ஒத்துப்போகாது. அப்படிப்பட்ட தடத்துக்கு ரெடிமேடாக ரயில் கிடைக்காது. நாலைந்து வண்டிக்காகப் புதிதாக வடிவமைத்தால் செலவு கட்டுப்படியாகாது. அதனால் இருப்பதைச் செப்பனிட்டு ஓட்டுகிறார்கள், அல்லது வேறு தடத்தில் கழித்ததை வாங்கிப் போடுகிறார்கள். கிளம்புமுன் அந்த அளவு எதுவென்று தெரிந்துகொண்டு போங்கள். அரைமணி நேரப் பயணத்திலும் பார்க்க நிறைய இருக்கும்.

முதலில் பிரைட்டன். மேக்னஸ் வோல்க் 1883 ஆகஸ்ட் 4 அன்று கடற்கரையில் ஓட்டத் தொடங்கிய வோல்க்ஸ் எலக்ட்ரிக் ரயில்வேதான், இன்றும் ஓடுகிற மின்ரயில்களில் உலகிலேயே மூத்தது. குளிர்காலத்தில் ஓடாது, ஈஸ்டர் வாக்கில்தான் சீசன் தொடங்கும். சீசனிலும் காற்று பலமாக அடித்தால் நிறுத்திவிடுவார்கள், ஆகவே அன்று காலை ஒருமுறை விசாரித்துவிட்டே லண்டனை விட்டுக் கிளம்புங்கள். விக்டோரியாவிலிருந்து சுமார் ஒரு மணி நேரம். பிரைட்டன் ஸ்டேஷனிலிருந்து கடலைப் பார்த்து இறங்கி நடந்தால் 20 நிமிடத்துக்குள் பேலஸ் பியர் (கடலுக்குள் நீளும் நடைபாலம்) வந்துவிடும். அதற்குக் கிழக்கே, மெடீரா டிரைவில் இருக்கிறது அக்வேரியம் ஸ்டேஷன்.

ஏறுமுன் தண்டவாளத்தைப் பாருங்கள். சக்கரம் ஓடும் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே மூன்றாவது ஒன்று, சரியாக மையத்தில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடக்கும். 110 வோல்ட் நேர்திசை மின்சாரம் (DC) அதில்தான் வருகிறது. 1883இல் இது கிடையாது. சக்கரம் ஓடும் இரண்டு தண்டவாளங்களையே மின்கம்பிகளாக வைத்து 50 வோல்ட்டில் வண்டி ஓடியது. ஈரக் கூழாங்கல்லில் கிடக்கும் இரும்பு வழியே மின்சாரம் கசியாமல் இருக்குமா? வோல்ட்டைக் கூட்டியதும் கசிவும் கூடியது. 1886இல் மூன்றாவது தண்டவாளம் போட்டது அதற்காகத்தான். உப்பும் புயல் வாரிப்போடும் கூழாங்கல்லும் இன்றைக்கும் இந்தத் தடத்துக்கு ஓயாத தொல்லை. இங்கே கேஜ், அதாவது தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம், 2 அடி 8½ அங்குலம் (825 மி.மீ.), வேறெங்கும் பொருந்தாத அளவு. தடம் முழுவதும் ஏறத்தாழ 1 மைல்தான். போகவர டிக்கெட் எடுத்து, வரும்போது நடுவில் உள்ள ஹாஃப்வே ஸ்டேஷனில் இறங்குங்கள். பணிமனை அங்கேதான் இருக்கிறது.

அடுத்து வைட் தீவு. இதற்கு ஒரு முழுநாள் ஒதுக்குங்கள். வாட்டர்லூவிலிருந்து போர்ட்ஸ்மத் ஹார்பர், அங்கிருந்து விரைவுப் படகில் 22 நிமிடத்தில் ரைட் பியர் ஹெட். டிக்கெட்டை ஷாங்க்ளின் வரைக்கும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். படகுக் கட்டணம் அதிலேயே அடங்கிவிடும். போர்ட்ஸ்மத்தோடு டிக்கெட்டை முடித்துக்கொண்டு, பிறகு படகுக்குத் தனியாகக் காசு கொடுப்பதுதான் புதிதாக வருபவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. லண்டன் ரயில், பஸ்ஸில் பயன்படும் ஆய்ஸ்டர் அட்டை இங்கே செல்லாது.

படகை விட்டு இறங்கியதும் கடல்மேல் நிற்கும் ரயிலில் ஏறலாம். ரைட் எஸ்பிளனேட் தாண்டியதும் வருகிற சுரங்கம்தான் இந்தத் தடத்தின் தலையெழுத்தை எழுதியது. தாழ்வான இடம் என்பதால் உள்ளே தண்ணீர் கட்டும். 1967இல் மின்மயமாக்கியபோது அதைச் சமாளிக்கத் தண்டவாளத்தை உயர்த்திப் போட்டார்கள். ஏற்கெனவே குறைவாக இருந்த உயரம் இன்னும் குறைந்தது. பெருநிலத்தின் சாதாரண ரயில் உள்ளே நுழைய முடியாது. அதனால் அன்றிலிருந்து லண்டன் அண்டர்கிரவுண்டு கழித்த ரயில்களே இங்கே வருகின்றன. அவற்றில் ‘1938 ரகம்’ (லண்டனில் ரயில் ரகங்களை ஆண்டை வைத்தே அழைப்பார்கள்) 1989 முதல் 2021 ஜனவரி வரை ஓடி, 80 வயதைத் தாண்டித்தான் ஓய்வு பெற்றது.

இப்போது ஓடுபவை கிளாஸ் 484. இரண்டு பெட்டி கொண்ட ஐந்து வண்டிகள், 2021 நவம்பர் 1 முதல் சேவையில் உள்ளன. அலுமினிய உடலும், போகிகள் எனப்படும் அடிப்புறச் சக்கரச் சட்டங்களும் 1978-81 காலத்தில் லண்டன் அண்டர்கிரவுண்டின் டிஸ்ட்ரிக்ட் லைனுக்காகச் செய்த டி78 ரயில்களுடையவை. கதவுகளைக் கவனியுங்கள்: இரண்டாகப் பிளக்காமல் ஒற்றைக் கதவாகவே நகரும். பழைய ரயிலின் முனகலை எதிர்பார்த்துக் காதைத் தீட்டாதீர்கள். மோட்டாரும் அதை இயக்கும் மின்னணுக் கருவிகளும் புதியவை. 13.7 கி.மீ. தூரத்தை 25 நிமிடத்துக்குள் ஓடி முடித்துவிடும். ஸ்மால்புரூக் ஜங்ஷனில் இறங்கி நீராவி ரயிலுக்கு மாறும் எண்ணம் இருந்தால் ஒன்றை மறக்க வேண்டாம்: அந்த ஸ்டேஷனுக்குச் சாலை கிடையாது, நீராவி ரயில் ஓடாத நாளில் மின்ரயிலும் அங்கே நிற்காது.

சவுத்தாம்டன் பக்கம் போக நேரமிருந்தால் ஹைத் பியர். 640 மீட்டர் நீளப் பாலம், 2 அடி கேஜ், 100 வோல்ட். எஞ்சின்கள் 1917இல் பிரஷ் கம்பெனி செய்தவை. முதல் உலகப் போரில் ஏவன்மத்தில் இருந்த விஷவாயுத் தொழிற்சாலைக்காக பேட்டரியில் ஓடியவை. 1922 முதல் இந்தப் பாலத்தில் மூன்றாம் தண்டவாளத்து மின்சாரத்தில் ஓடுகின்றன. எஞ்சின் எப்போதும் கரைப்பக்கமே இருக்கும். கடலை நோக்கிப் போகும்போது பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும், ஓட்டுநர் முன்பெட்டியில் உட்கார்ந்து ஓட்டுவார். பாலத்தின் முனையிலிருந்து சவுத்தாம்டனுக்குப் போகும் படகு நின்றால் ரயிலுக்கு வேலையில்லை, ஆகவே இரண்டும் ஓடுகின்றனவா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

லண்டனுக்குள்ளே, அண்டர்கிரவுண்டின் பேக்கர்லூ லைனில் ஓடும் 1972 ரகம். அலுவலக நெரிசல் நேரம் தவிர்த்து, எலிஃபன்ட் அண்ட் காசிலில் ஏறுங்கள். ரயில் அங்கேயிருந்துதான் புறப்படுகிறது, இடம் கிடைக்கும். பிளாட்பாரத்திலிருந்து எண்ணினால் தண்டவாளங்கள் நான்கு. ஓரத்தில் உள்ளதில் +420 வோல்ட், நடுவில் உள்ளதில் −210, ஆக 630. திரும்பும் மின்சாரத்துக்கு நான்காவதாக ஒன்று எதற்கு? சக்கரத் தண்டவாளம் வழியே விட்டால் அது சுரங்கத்தின் வார்ப்பிரும்பு வளையங்களிலும் பக்கத்துக் குழாய்களிலும் கசிந்து அவற்றை அரித்துவிடும்.

ஏழு பெட்டிகளில் எல்லாவற்றிலும் மோட்டார் இல்லை, இரு முனைப் பெட்டிகளில் நிச்சயம் உண்டு. அதில் உட்கார்ந்து ரயில் கிளம்பும்போது கேளுங்கள். தரைக்குக் கீழே டக், டக் என்று வரிசையாகச் சத்தம் வரும். நின்றிருக்கும் மோட்டாருக்கு முழு மின்சாரத்தையும் ஒரேயடியாகக் கொடுத்தால் தாங்காது. மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் மின்தடைகளை (resistor) குறுக்கே வைத்து, வேகம் கூடக்கூட ஒவ்வொன்றாக விலக்குகிற சத்தம் அது. பிரேக் போடும்போதும் சக்தி அந்தத் தடைகளில் சூடாகவே தீர்ந்துபோகிறது. அந்தச் சூடெல்லாம் சுரங்கத்துக்குள்ளேதான் போகிறது. ரயிலில் ஏசியும் கிடையாது. கோடையில் தண்ணீர் பாட்டில் அவசியம்.

குவீன்ஸ் பார்க்குக்கு வடக்கே தடம் திறந்தவெளியில், உயரமான ஓவர்கிரவுண்டு ரயில்களோடு பகிர்ந்து ஓடுகிறது. அங்கே பிளாட்பாரம் இரண்டுக்கும் இடைப்பட்ட உயரம் என்பதால் பேக்கர்லூ ரயிலில் ஏறும்போது காலைக் கீழே இறக்கி வைக்க வேண்டும். கேமராவில் கண்ணை வைத்துக்கொண்டு ஏறாதீர்கள். இலையுதிர் காலத்தில் நசுங்கிய இலை தண்டவாளத்தில் பசைபோலப் படிந்து சக்கரத்தை வழுக்கவைக்கும். சக்கரம் பூட்டிக்கொண்டு தேய்ந்தால் ஒரு பக்கம் தட்டையாகி, ஓடும்போது தடதடக்கும். உறைபனிக் காலையில் மின்தண்டவாளத்தின் மேல் பனி படியும். மின்தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் ரயிலின் ‘ஷூ’ அதைத் தொட்டும் தொடாமலும் போக, நீலப்பொறி பறக்கும்.

பிளாஷ் எந்த ஸ்டேஷனிலும் வேண்டாம், ஓட்டுநர் கண்ணைக் கூசவைக்கும். போன் தடத்தில் விழுந்தால் ஊழியரைக் கூப்பிடுங்கள், நீங்கள் இறங்காதீர்கள். கிளாஸ்கோ சப்வேயின் பழைய ரயில்களுக்காக அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 2024 ஜூனோடு அவை நின்றுவிட்டன. 1938 ரகத்தில் ஏறியே ஆக வேண்டும் என்பவர்களுக்கு, லண்டன் டிரான்ஸ்போர்ட் மியூசியம் நான்கு பெட்டி ரயில் ஒன்றை ஓடும் நிலையில் வைத்திருந்து எப்போதாவது சிறப்பு ஓட்டம் நடத்துகிறது. அதற்கு டிக்கெட் தனி, முன்பதிவும் தேவை.