பாட்டா ஓடிய காலத்தையும் பேரன் ஓடும் காலத்தையும் ஒப்பிடுவது எப்படி?

நம் குமரி மாவட்டத்தில் பழைய ஓட்டக்காரர் ஒருவரின் நேரத்தை இன்றைய வீரரின் நேரத்தோடு வைத்துப் பார்க்க விரும்புகிறவர், முதலில் தூரத்தைச் சரிபார்க்க வேண்டும். 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணைவதற்கு முன்பு இப்பகுதி திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. அக்காலத்துச் சான்றிதழில் தூரம் கஜக் கணக்கில் இருக்கக்கூடும். 100 கஜம் என்பது 91.44 மீட்டர்தான் என்பதால், அந்த நேரத்தை 100 மீட்டர் நேரமாகச் சொல்வது பாட்டாவுக்கும் பேரனுக்கும் ஒருசேரச் செய்யும் அநியாயம்.

அடுத்தது கடிகாரம். துப்பாக்கியின் புகையைக் கண்ட பிறகே நடுவரின் கட்டைவிரல் ஸ்டாப் வாட்ச்சை அழுத்துவதால், கையால் எடுத்த நேரம் உண்மையைவிடக் குறைவாகவே வரும். அதைச் சரிசெய்ய 100, 200 மீட்டருக்கு 0.24 வினாடியும் 400 மீட்டருக்கு 0.14 வினாடியும் கூட்டுவது வழக்கம். 1960 ரோம் ஒலிம்பிக்கின் 400 மீட்டர் ஓட்டத்தில் இந்திய வீரர் மில்கா சிங்கின் கை நேரம் 45.6 வினாடி; 0.14 கூட்டினால் 45.74. அதே ஓட்டத்தின் மின்கருவிப் பதிவு 45.73 என்பதைப் பார்க்கும்போது இந்தக் கணக்கை நம்பலாம் என்றே தோன்றுகிறது.

குறுகிய ஓட்டத்திலும் நீளம் தாண்டுதலிலும் காற்றையும் கவனியுங்கள். பின்னாலிருந்து வினாடிக்கு 2 மீட்டருக்கு மேல் காற்று தள்ளினால் அது சாதனையாக ஏற்கப்படாது. ஆடி மாதத்து ஆரல்வாய்மொழிக் காற்றை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

தரைக்கு மட்டும் கூட்டல் கழித்தல் போடாதீர்கள். 1936இல் அமெரிக்க ஓட்டக்காரர் ஜெஸ்ஸி ஓவன்ஸ் சாம்பல் பாதையில் சிறு கரண்டியால் குழி தோண்டிக் காலூன்றிப் புறப்பட்டார். செயற்கைத் தளம் ஒலிம்பிக்குக்கு வந்ததே 1968இல்தான். மழையில் ஊறிய செம்மண் எத்தனை வினாடியை விழுங்கியது என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது.

ஆகவே, ஒவ்வொருவரும் தம் காலத்துச் சிறந்தவரிடமிருந்து எவ்வளவு தொலைவில் நின்றார் என்று பார்ப்பதே நான் நம்பும் வழி. மில்கா ஓடிய அந்தப் பந்தயத்திலேயே 44.9 என்ற உலக சாதனை பிறந்தது, இடைவெளி 0.7 வினாடி. 2019இல் இந்திய வீரர் முகமது அனஸ் அதே 400 மீட்டரை 45.21இல் ஓடி மில்காவை நேரத்தால் முந்தினார். ஆனால் அன்றைய உலக சாதனையான 43.03 அவரிடமிருந்து 2.18 வினாடி தள்ளி இருந்தது. இன்று போட்டியிடும் நாடுகள் பெருகிவிட்டதையும் மறக்காமல் சேர்த்துப் பார்த்தாலும், என் மனம் மில்காவின் பக்கமே சாய்கிறது.

தூத்தூர்க் கடற்கரையின் கால்பந்துக்கு வினாடிக் கணக்கு உதவாது. எதிரணி எப்படிப்பட்டது என்பதே அங்கு அளவுகோல்.

உங்கள் வீட்டில் பழைய வீரர் இருந்தால், இன்றே அருகில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: காலில் என்ன போட்டிருந்தார், தரை நனைந்திருந்ததா, இரண்டாவதாக வந்தவர் எத்தனை அடி பின்னால் வந்தார்.