ஆடும் பெட்டியில் மட்டம் பார்க்காதீர்கள்: பலூன் தொலைகாட்டியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் பண்டாரவளையில் என் வீட்டுக்கு இரண்டு பல்கலைக்கழகப் பிள்ளைகள் வந்தார்கள். வளிமண்டல வாயுக்களை அவற்றின் அகச்சிவப்பு ஒளியிலிருந்து அளக்கும் பலூன் தொலைகாட்டி ஒன்றின் பழைய தரவில் பயிற்சி எடுக்கிறார்களாம். ஓசோன் மூன்று அடுக்காகக் கிடப்பதாகக் காட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. இதே அடுக்குகளை நானும் ஒரு காலத்தில் கண்டுபிடித்திருக்கிறேன்.

கேபிளை மாற்றிச் சொருகுவது போன்ற சிறு தவறுகளை நீங்களே பட்டுத் தெரிந்துகொள்வீர்கள். பட்டாலும் எளிதில் தெரியாதவை இவை.

சாய்வுமானியை நம்புவது

38 கிலோமீட்டர் உயரத்தில் மிதக்கும் பலூனுக்குக் கீழே, கயிற்றில் தொங்கும் பெட்டியிலிருந்து தொலைகாட்டி பூமியின் விளிம்பை ஒட்டிப் பார்க்கிறது. 20 கிலோமீட்டர் உயரத்துக் காற்றைத் தொடப் பார்வை ஏறக்குறைய 480 கிலோமீட்டர் போக வேண்டும். அவ்வளவு தூரத்தில் பத்தில் ஒரு பாகை பிசகினால் 800 மீட்டருக்கு மேல் தவறிவிடும். லயத்து வாசலில் நின்று எதிர்மலைக்கு டோர்ச் அடித்தவர்களுக்கு இது புரியும்.

பிள்ளைகள் பார்வையின் கோணத்தை, பெட்டியின் சாய்வைக் காட்டும் சாய்வுமானியிலிருந்து எடுத்திருந்தார்கள். அது பறப்பு முழுவதும் பூச்சியத்தை ஒட்டியே நின்றது. "பெட்டி ஆடவே இல்லை, சேர்" என்றான் ஒருவன்.

அம்மா கொழுந்து மலைக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோன தூக்குவாளியை எடுத்து, பாதி நிரப்பி, வீசி ஆட்டச் சொன்னேன். தேத்தண்ணீர் சிந்தவில்லை. வாளி எவ்வளவு சாய்ந்தாலும் அதற்குள் மட்டம் மாறுவதில்லை. சாய்வுமானியும் அந்தத் தேத்தண்ணீர்தான். கயிற்றில் ஆடும் பெட்டிக்குள் ஈர்ப்பையும் ஆட்டத்தின் முடுக்கத்தையும் அதனால் பிரித்தறிய முடியாது. கயிறு நீளும் திசையையே கீழ் என்று சொல்லும். 100 மீட்டர் தொங்கலுக்கு ஓர் ஆட்டம் 20 செக்கன். அதற்குள் பார்வை ஏறி இறங்க, ஓசோன் அடுக்கடுக்காகத் தெரிகிறது.

நானோ அந்த அடுக்குகளுக்கு வளிமண்டல அலைகளைக் காரணம் காட்டி ஐந்து பக்கம் எழுதினேன். அலை இருந்தது உண்மை, கயிற்றில் இருந்தது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, பெட்டி திரும்பும் வேகத்தை உணரும் கைரோவை வேறு நிறுத்தியிருந்தோம். அந்தப் பறப்பை மீட்கவே முடியவில்லை. இன்றும் ஆறவில்லை.

வேகமான ஆட்டத்தைக் கைரோ பிடிக்கும். அது மெல்ல விலகுவதை விண்மீன் கமரா திருத்தும். காபனீரொட்சைட்டின் அளவு முன்பே தெரியும் என்பதால், அதன் நிறமாலைக் கோடுகளிலிருந்து அழுத்தத்தைக் கணித்து உயரத்தைச் சரிபார்க்கலாம். பிள்ளைகளின் தரவில் கைரோக் கோப்பு இருந்தது. கொடுத்துவைத்தவர்கள். மறுநாள் மூன்று அடுக்கும் ஒன்றாயிற்று.

தொலைகாட்டியின் சொந்த ஒளி

அகச்சிவப்பில் கண்ணாடியும் குழலும்கூட ஒளிரும். அடிக்கடி குளிர்ந்த மேல்வானத்தையும், வெப்பநிலை தெரிந்த கரும்பொருளையும் (விழும் ஒளியையெல்லாம் விழுங்கி, தன் வெப்பநிலைக்கேற்ப ஒளிரும் பொருள்) பார்த்து, அந்தச் சொந்த ஒளியைக் கணக்கிட்டுக் கழியுங்கள்.

கரும்பொருளின் வெப்பநிலையை ஊகிப்பது

வேண்டாம்.

ஈரம்

20 கிலோமீட்டரில் நீராவி பத்து இலட்சத்துக்கு நான்கைந்து பங்குதான். பலூனும் பெட்டியும் தரையில் குடித்த ஈரத்தை மேலே போய்க் கக்கும்; அதுவும் அளவீட்டில் கலந்துவிடும். நுவரெலியா மூடுபனியில் காயப்போட்ட துணி போல, விடுவதற்கு நேரம் எடுக்கும்.